பேய்க்குப் பல் கட்டியவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தமும் குடலுமாகக் காட்டி வயிற்றைப் புரட்டுவது கையாலாகாதவர்கள் செய்கிற வேலையாம். கிராபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும் ரப்பர் முகமூடியும் சாயத் தண்ணீரும் எதற்கு என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார். படம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். சாயத் தண்ணீர் என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பல் செட் கட்டுகிறவன். டெண்டல் மெக்கானிக் என்பார்கள். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், நான் பல்லாக்கித் திருப்பி அனுப்புவேன். பல்லை மாட்டிக்கொண்டு கல்யாணத்தில் முறுக்கு கடிக்கிறவருக்கு நான் யாரென்று தெரியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இந்தத் தொழிலுக்கு நடுவில் சில பேய்களுக்கும் பல் கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

ரத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து சட்டையில் ஊற்றிப் படமெடுத்தால், யாரோ ரோஸ் மில்க்கைக் கொட்டிக்கொண்டது போலத்தான் இருக்கும். நிஜ ரத்தத்தின் வழியே வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. அது கொஞ்சம் கெட்டி, தோலில் பட்டால் உருண்டு ஓடாமல் படர்ந்து வழியும். 1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்கு ஒப்பனை செய்த டிக் ஸ்மித் இதற்கென்றே ஒரு செய்முறை வைத்திருந்தார். சோளப் பாகு, சமையலுக்குப் போடும் சிவப்பு, மஞ்சள் நிறங்கள், கெட்டுப்போகாமல் இருக்க மெத்தில் பாரபென், வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு. தோலில் படர்வதற்காக, பிலிம் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு திரவத்தையும் சேர்த்தார். அது விஷம் என்பதால் அந்த ரத்தத்தை நடிகரின் வாயில் விடக் கூடாது. பெரிய ஆள், ஆனால் தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டி வைக்காமல் கேட்ட இளைஞர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்.

ஜிங்க் ஆக்சைடு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் மேஜை மேலேயே டப்பாவில் இருக்கிற பொடி. கிராம்பு எண்ணெயோடு குழைத்தால் சொத்தைப் பல்லுக்குத் தற்காலிகமாக அடைக்கிற மாவு. அது மட்டுமா? ஆள் முகத்தை அப்படியே அச்செடுக்க சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் எங்கள் தொழிலில் புழங்குகிற சரக்கு. கடற்பாசியிலிருந்து எடுப்பது. அச்சு வார்க்கிற பிளாஸ்டரும் பேய்ப்பல் செய்கிற அக்ரிலிக்கும்கூட எங்களிடம் இருப்பவைதான். பயமுறுத்துகிற வேலையில் பாதி பல் லேபில்தான் கிடக்கிறது.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். ஒருவன் கல்யாண வீடியோ எடுப்பவன், ஒருவன் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுபவன். மற்றவர்கள் வேலை தேடுகிறவர்கள். ஒரு நாள் சாயங்காலம் லேப் வாசலில் வந்து நின்றார்கள்.

“மாமா, பேய்க்குப் பல்லு வோணும். கடையில விக்கிற பிளாஸ்டிக் பல்லு வாயில நிக்கவே மாட்டேங்குது. வசனம் பேசுனா எச்சி ஊத்துது.”

“பேய்க்கு இன்னா வயசு? வெத்தல போடுமா?”

“இன்னா மாமா கேள்வி இது?”

கேள்வி அதுதான். பல்லுக்கு ஷேடு உண்டு. புதுசாக வெள்ளை வெளேரென்று கோரைப்பல் கட்டிக் கொடுத்தால், செத்துப் பல வருஷம் ஆன கிழவி பல் டாக்டரிடம் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். அவர்கள் கதையில் பேய் ஒரு ஆயா, குடித்தன வீட்டில் வாடகைப் பாக்கிக்காகத் தூக்கி எறியப்பட்டவள். அப்படியானால் வெற்றிலைக் காவி உண்டு, கீழ்வரிசையில் ஒன்றிரண்டு தேய்ந்திருக்கும், கோரைப்பல் நீண்டாலும் முனை மழுங்கியிருக்கும். நடித்த பெண்ணின் வாயில் அளவெடுத்து, பல்லின் மேல் தொப்பி போல மாட்டுகிற மாதிரி மெல்லியதாகச் செய்தேன். மேலண்ணத்தில் பிளேட் வைத்தால் நாக்குக்கு இடமில்லாமல் ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆகிவிடும். “ஷாவுடா” என்று பேய் சொன்னால் தியேட்டரே சிரிக்கும்.

பல்லோடு விட்டார்களா? பேயிடம் மாட்டுகிறவனுக்குக் கழுத்து கிழிய வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில் தலையையும் கழுத்தையும் அச்செடுக்க வேண்டும். மொட்டை மாடி, கத்திரி வெயில். ஆல்ஜினேட் பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கியதிலிருந்து சில நிமிஷந்தான் கெடு, அதற்குள் இறுகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் மே மாதத்தில் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். காசிமேட்டிலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொன்னேன். வந்தது, மீன் வாடையோடு. அந்தத் தண்ணீரில்தான் கலக்கினோம். புருவத்திலும் மீசையிலும் வாசலினை அப்பி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டு, நெற்றியிலிருந்து வழித்துவிட்டேன். அதன் மேல் எலும்பு முறிவுக்குச் சுற்றுகிற பிளாஸ்டர் கட்டு, இல்லாவிட்டால் கழற்றும்போது அச்சு தொளதொளவென்று மடங்கிவிடும். உள்ளே இருப்பவனுக்குக் கண்ணும் தெரியாது, வாயும் திறக்க முடியாது. மூச்சு முட்டினால் கட்டை விரலைத் தூக்கச் சொல்லியிருந்தோம். அவன் தூக்கினான். பதறிப்போய்ப் பிய்த்தெடுத்தால், “மீன் நாத்தம் தாங்கல மாமா” என்கிறான். மறுபடி முதலிலிருந்து.

எடுத்த அச்சில் உடனே பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். ஆல்ஜினேட்டில் இருப்பது முக்கால்வாசித் தண்ணீர். காயக் காய அச்சு சுருங்கி, முகம் ஒரு சுற்று சின்னதாகிவிடும். பல் செட் சரியாக உட்காராமல் பாட்டிமார்கள் திட்டுவதற்கும் பல சமயம் இதுதான் காரணம். அது வேறு கதை.

கழுத்துச் சதைக்கு ஜெலட்டின் ஊற்றினோம். விளக்கைப் போட்டதும் உருகி மார்பில் இறங்கிவிட்டது. குளிர் ஊர்க்காரர்கள் எழுதிவைத்த செய்முறை நம் மாடியில் செல்லாது. யோசித்துப் பார்த்து, மண்ணடியில் நோன்புக் காலத்தில் காய்ச்சுகிற கடல்பாசியை, அதாவது அகர் அகரை, முயற்சி செய்தேன். அது ஒரு தரம் உறைந்துவிட்டால் வெயிலுக்கு உருகாது. நீளாமல் பிய்ந்து வருவது மட்டும்தான் அதன் குறை, கிழிகிற சதைக்கு அதுதானே வேண்டும்! கொஞ்சம் ஜிங்க் ஆக்சைடு, துளி மஞ்சள், துளி சிவப்பு கலந்து அச்சில் ஊற்றி எடுத்தபோது, தெரிந்தே செய்த எனக்கே கையில் பிடிக்கக் கூசியது. ரத்தத்துக்கு, மிட்டாய்க் கடைக்காரர்கள் பாரிமுனையில் வாங்குகிற லிக்விட் குளுக்கோஸ். சிவப்பு மட்டும் போட்டால் பளிச்சென்று பொய் சொல்லும், அதனால் காபி டிகாக்‌ஷன் கொஞ்சம். எல்லாம் சரியாக வந்தது. விளக்கு, கேமரா, ஆயாவின் பல், கிழிந்த கழுத்து. டேக் சொல்வதற்குள் எறும்பு வந்துவிட்டது. கழுத்துக்குச் சொந்தக்காரன் போட்ட அலறலைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1981இல் வெளிவந்த ‘தி ஈவில் டெட்’ படக் கதையும் ஏறக்குறைய இந்த மாடிக் கதைதான். எடுத்த சாம் ரைமிக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது இருபது வயது. டென்னசியில் ஒரு பாழடைந்த மர வீடு, கடுங்குளிர், கையில் பணமில்லை. ஊரில் டாக்டர், வக்கீல் என்று வசதியுள்ளவர்களிடம் போய்ப் பேசிப் பணம் திரட்டினார்கள், அதில் பல் டாக்டர்களும் உண்டு. (நம் பேட்டைப் பல் டாக்டர்கள் கவனிக்கவும்.) சோளப் பாகும் காபியில் போடும் க்ரீம் பொடியும்தான் ரத்தம். கதாநாயகனின் சட்டையில் பாகு காய்ந்து இறுகி, தணலில் காட்டியபோது அட்டை மாதிரி உடைந்ததாம். பேய் பிடித்தவர்களுக்குக் கண் முழுவதையும் மூடுகிற தடித்த லென்ஸ். கண்ணுக்குக் காற்றுப் போகாததால் கொஞ்ச நேரத்துக்கு மேல் போட முடியாது, போட்டவர்களுக்குப் பார்வையும் கிடையாது. காட்டுக்குள் பேய் விரைந்து வருவதைக் காட்ட, மரப்பலகையில் கேமராவைக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் படத்தை எண்பதுகளில் வாடகை டெக் எடுத்து ராத்திரியில் கூட்டமாகப் பார்த்தோம். பிரிட்டனில் அப்போது அதை ஒழித்துக்கட்ட வேண்டிய வீடியோக்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, விடிகிற வரை யாரும் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ சுமார் 1,14,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த, பிணங்கள் எழுந்து வரும் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில், சாக்லேட் பாகுதான் ரத்தம். நிறம் தெரியப்போவதில்லை, வழிகிற கனம் சரியாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நரமாமிசம் என்று கடித்துத் தின்றது அந்தப் பாகில் புரட்டிய பன்றிக்கறி. அதே ரொமேரோவின் 1985ஆம் வருஷப் படம் ஒன்றில் நிஜப் பன்றிக் குடலை வாங்கி வைத்திருக்க, இடையில் குளிர்பெட்டி நின்றுபோய் எல்லாம் அழுகிவிட்டது. அப்படியும் அதையே வைத்துப் படமெடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லித்தான், புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் குடல் வாங்கி வரக் கிளம்பிய பையன்களைத் தடுத்தேன். பஞ்சைத் திரித்து லேடெக்ஸில் முக்கிக் காயவைத்துக் குடல் செய்தோம். லேடெக்ஸின் அம்மோனியா நெடிக்கே கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

நம் பக்கம் மட்டும் என்ன? பம்பாயில் ராம்சே சகோதரர்கள் 1972 முதல் குடும்பமாகச் சேர்ந்து, ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி, இருவர் டைரக்‌ஷன் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு பேய்ப் படம் எடுத்தார்கள். தெலுங்கில் விட்டலாச்சார்யா. 1978இல் வந்த அவருடைய ‘ஜெகன்மோகினி’யில் பேய் அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலையே நீட்டி எரிக்கும். தமிழ் பேசி வந்தபோது பார்த்த எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். இன்று கோடிக்கணக்கில் செலவழித்த கிராபிக்ஸ் சரியில்லை என்றால், “விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு” என்று கிண்டல் செய்கிறார்கள். அவர் பெயரை இழுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கோரம் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. என் தாய்மாமன் ஊர் பொன்னேரிப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் மைதானம் நீளத்துக்குப் படுக்கவைத்துச் செய்வார்கள். தொடையில் சிவப்பு நீரை முன்கூட்டியே மறைத்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதையால் அடிக்க, தொடை உடைந்து ரத்தம் பீறிடும், பாஞ்சாலி வேஷக்காரர் அதை அள்ளிக் கூந்தலில் தடவி முடிவார். பெண்கள் குலவையிடுவார்கள், சின்னப் பிள்ளைகள் அம்மா இடுப்பில் இருந்து பார்க்கும். நானும் அப்படிப் பார்த்தவன்தான். மாசி அமாவாசையில் மயானக்கொள்ளைக்கு வாயில் ஆட்டு ஈரலைக் கவ்விக்கொண்டு காளி வேஷம் போகிற ஊர்வலத்தை நம் கட்டுரையாளர் ஒரு முறையாவது பார்த்திருந்தால், அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

அப்படியானால் தமிழில் இந்த வகைப் படம் ஏன் அதிகம் வரவில்லை? திறமைக் குறைவு அல்ல, காசுக் கணக்குதான் காரணம். ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சின்னத் தயாரிப்பாளருக்கு டிவி உரிமைதான் உயிர். 2006இல் தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள், நல்லது. 2011இல் ‘யு’ சான்றிதழும் இருந்தால்தான் விலக்கு என்று ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வருகிற வரை அந்தக் கணக்கு ஓடியது. பேய்ப் படம் எடுக்கிறவன் என்ன செய்வான்? கத்தியைக் காட்டிவிட்டு கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்புவான். பேய்க்குப் பின்னாலேயே நாலு காமெடி நடிகர்களை ஓடவிடுவான். பேய் என்றால் சிரிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே பழகியது இப்படித்தான் என்பது என் எண்ணம். இப்போது 2023 சட்டத் திருத்தத்தில் யுஏ-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பதினாறு வயதுக்காரனுக்குக் கொஞ்சம் ரத்தம் காட்டலாம் என்று இனியாவது யாராவது துணியட்டும்.

கிராபிக்ஸ் ரத்தத்தின் மேல் எனக்குத் தனிப் பகை ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதைச் செய்கிற பிள்ளைகளும் ராத்திரி பகலாக உழைக்கிறவர்கள்தான். ஆனால் பாருங்கள், கழுத்தில் பீறிட்ட ரத்தம் காற்றில் தெறித்து மறைந்துவிடுகிறது, சட்டை நனைவதில்லை. தரை வழுக்குவதில்லை. எதிரே நிற்கிற நடிகருக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று தெரியும், அது முகத்தில் தெரிகிறது. எங்கள் மாடியில் அந்தப் பெண், கையில் ஒட்டிய பாகைப் புடவையில் துடைத்துப் பார்த்து, அது போகாமல் மறுபடி மறுபடி துடைத்தாளே, அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரத்தத்தை ஊற்றினால் போதும் என்று எடுத்த குப்பைகள் ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். பெண் உடம்பைச் சிதைத்துக் காட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற படங்களிலிருந்து நான் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். திட்டுங்கள். ஆனால் வேலையைப் பார்த்துத் திட்டுங்கள். காயத்தின் ஓரம் தோலோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்ததா, ரத்தம் ஆரஞ்சு அடித்ததா, பல் புதுசாகத் தெரிந்ததா என்று எழுதுங்கள். செய்தவன் படித்துவிட்டு அடுத்த முறை திருத்திக்கொள்வான். “மலிவான ரத்தம்” என்று எழுதினால் அவன் என்ன செய்வான்? ரத்தம் மலிவுதான், லிட்டர் கணக்கில் காய்ச்சுகிறோம்.

இன்னொன்று. உங்கள் விமர்சனங்களில் இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றுக்கும் பெயர் போடுகிறீர்கள். ஒப்பனைக்கும் அச்சு வேலைக்கும் போடுவதில்லை. ஒரு படக் கம்பெனிக்கு அறுந்த கை ஒன்று செய்து கொடுத்தேன், நகக்கண்ணில் அழுக்கு வரைக்கும். டைட்டிலில் பெயர் வரும் என்றார்கள். தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் நானும் என் வீட்டம்மாவும் கடைசி எழுத்து வரை உட்கார்ந்திருந்தோம், கேன்டீன் சப்ளை செய்தவர் பெயர் வரைக்கும் வந்தது. ஆஸ்கரில்கூட 1981ஆம் வருஷப் படங்களிலிருந்துதான் ஒப்பனைக்கு நிரந்தரமாக ஒரு பரிசு வைத்தார்கள், முதல் பரிசு ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ என்ற ஓநாய் மனிதன் படத்துக்காக ரிக் பேக்கருக்குப் போனது. அங்கேயே அவ்வளவு தாமதம். உங்கள் பத்திரிகையில் வருகிற வாரத்திலிருந்து ஒரு வரி ஒதுக்கினால் போதும்: ஒப்பனை, இன்னார். பேய்ப் படமென்றால், காயங்கள், இன்னார்.

கட்டுரையாளருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப் சும்மாதான் இருக்கும். விருப்பமிருந்தால் வரட்டும், அவர் முகத்தையே அச்செடுத்துக் கழுத்தைக் கிழித்துக் காட்டுகிறேன். மீசை இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், வாசலின் தீர்ந்துவிட்டது, வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பல் செட் கட்டுபவன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021.

(பெயரைக் கேட்டு எழுதுகிற கடிதத்தில் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். என்னிடம் பல் கட்டிக்கொண்ட பாட்டிமார்களுக்குப் பேய் விஷயம் தெரியாமல் இருப்பது நல்லது.)